கேமராவிலிருந்து கழற்றாத லென்ஸ்: அன்றாட ஜூமைத் தேர்ந்தெடுக்கும் முறை

கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸில் ஓராண்டு படம் எடுத்தவருக்கு இரண்டு குறைகள் தாமாகவே தெரிந்துவிடும். மாலை நேரத்தில் வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தையை எடுத்தால் படம் கலங்கிப் போகிறது. கல்யாண மண்டபத்தில் நான்காவது வரிசையில் அமர்ந்து மணமேடையை எடுத்தால் முகங்கள் எட்டாத தூரத்தில் சிறுத்துத் தெரிகின்றன. இந்த இரண்டு குறைகளையும் ஒரே லென்ஸ் தீர்த்துவிடாது என்பதை அறியாமல் கடைக்குப் போகிறவர், தேவைக்கு மேல் கனமான ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்; இல்லையென்றால் வீச்சு நீண்டும் ஒளி போதாத ஒன்றை வாங்கி, பழைய குறையோடு வீடு திரும்புகிறார். கிட் லென்ஸைத் தாண்டி முதன்முறையாக ஒரு லென்ஸ் வாங்க நினைப்பவர் எதை முதலில் யோசிக்க வேண்டும், எதைப் பிறகு யோசிக்கலாம் என்பதை அந்த வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

அன்றாட ஜூம் என்று நான் சொல்வது, வாங்கிய பிறகு பெரும்பாலான நாள்கள் கேமராவிலேயே மாட்டியிருக்கும் லென்ஸை. ஃபுல் ஃப்ரேம், அதாவது ஒளியைப் பதியும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமின் அளவிலேயே உள்ள கேமராவின் கணக்கில் அது 24 அல்லது 28 மி.மீ. என்ற அகலக் கோணத்தில் தொடங்கி, 70 முதல் 120 மி.மீ. வரை நீளும். இந்த மி.மீ. எண்ணைக் குவியத் தூரம் என்கிறோம். எண் சிறுத்தால் காட்சி அகலும். எண் பெருத்தால் தொலைவில் உள்ளது அருகில் வரும். ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. மூலைக்கு மூலை 84 பாகை அளவைப் பிடிக்கிறது, 50 மி.மீ. 47 பாகையையும், 105 மி.மீ. 23 பாகையையும் பிடிக்கின்றன. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கென்று 1959இல் வெளிவந்த முதல் ஜூம் லென்ஸான ஃபோக்ட்லேண்டர் ஜூமார், 36 முதல் 82 மி.மீ. வரை, அதாவது இரண்டேகால் மடங்கு மட்டுமே நீண்டது. இன்று ஐந்து மடங்கு நீளும் 24–120 மி.மீ. லென்ஸ் சாதாரணமாகக் கிடைக்கிறது. தெரிவுகள் இப்படிப் பெருகியதால்தான் புதிதாக வருகிறவருக்குக் குழப்பமும் பெருகியிருக்கிறது.

முதல் படி: மவுன்டும் சென்சாரும்

உங்கள் கேமராவில் எந்த லென்ஸ் பொருந்தும் என்பதை அதன் மவுன்ட், அதாவது லென்ஸை மாட்டும் வளையம், முடிவு செய்கிறது. கேனனின் இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் (உள்ளே ஒளியைத் திருப்பும் ஆடி இல்லாத புதிய வகை) ஆர்எஃப் மவுன்டும், அந்நிறுவனத்தின் டிஎஸ்எல்ஆர்களில் (அந்த ஆடி உள்ள பழைய வகை) இஎஃப் மவுன்டும் உள்ளன. நிக்கானில் புதியவை இசட், பழையவை எஃப். சோனி மிரர்லெஸ் கேமராக்கள் இ மவுன்டையும், ஃபூஜிஃபிலிம் எக்ஸ் மவுன்டையும் கொண்டவை. பானசோனிக்கின் ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் எல் மவுன்டில் வருகின்றன. டிஎஸ்எல்ஆருக்காகச் செய்த பழைய லென்ஸை அடாப்டர் வைத்து அதே நிறுவனத்தின் மிரர்லெஸ்ஸில் மாட்டலாம். ஆனால் மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது. எனவே இப்போது டிஎஸ்எல்ஆர் வைத்திருந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் மிரர்லெஸ்ஸுக்கு மாற நினைப்பவர், இன்று வாங்கும் லென்ஸ் அப்போதும் உடன் வருமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டிக்கொள்ளும். ஆனால் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது.

அடுத்தது சென்சார். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது. ஏபிஎஸ்-சி அதைவிடச் சிறியது என்பதால், அதில் மாட்டிய லென்ஸின் காட்சிப் பரப்பு குறுகிவிடும். நிக்கான், சோனி, ஃபூஜியில் குவியத் தூரத்தை 1.5ஆலும், கேனனில் 1.6ஆலும், இன்னும் சிறிய சென்சார் உடைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் 2ஆலும் பெருக்கினால் ஃபுல் ஃப்ரேமுக்கு நிகரான எண் வரும். நிக்கானின் 18–55 மி.மீ. கிட் லென்ஸ் இப்படித்தான் சுமார் 27–83 மி.மீ. ஆகிறது.

இந்தப் பெருக்கலைச் செய்யாமல் வாங்குவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருந்த நண்பர் ஒருவர், தொழில்முறைப் படக்காரர்கள் எல்லோரும் 24–70 வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சேமிப்பு முழுவதையும் போட்டு அதையே வாங்கினார். அவர் கேமராவில் அது 36–105 மி.மீ. ஆகிவிட்டது. வீட்டுக் கூடத்தில் குடும்பத்தைச் சேர்த்து நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவர்கள் விடுபட்டார்கள். பழைய கிட் லென்ஸைத் தேடி எடுத்து மாட்ட வேண்டியதாயிற்று. ஏபிஎஸ்-சி கேமராவுக்கு அன்றாட ஜூம் 16, 17 அல்லது 18 மி.மீ. அளவில் தொடங்க வேண்டும். மறுபுறம், ஏபிஎஸ்-சி லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டினால், சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்பட்டு, படம் சுமார் 10 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும்.

இரண்டாம் படி: பழைய படங்களை எண்ணிப் பாருங்கள்

விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன், உங்கள் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்று யாராவது சொன்னால், நான் அவருக்கு இந்தப் படியைத்தான் கொடுப்பேன்.

எடுத்த எல்லாப் படங்களையும் எண்ண வேண்டாம். உங்களுக்கு உண்மையாகவே பிடித்த நூறு படங்களைத் தனிக் கோப்புறையில் சேருங்கள். கணினியில் ஒரு படத்தின் மீது வலது கிளிக் செய்து, அதன் பண்புகளில் விவரங்கள் பகுதியைத் திறந்தால், அது எந்தக் குவியத் தூரத்தில், எந்த அபெர்ச்சரில் (ஒளி நுழையும் துளையின் அளவு), எந்த ஷட்டர் வேகத்தில் (ஒளியை உள்ளே விடும் நேரம்), எந்த ஐஎஸ்ஓவில் (ஒளி குறையும்போது கேமரா உயர்த்தும் உணர்திறன் எண்) எடுக்கப்பட்டது என்பது வரிசையாக இருக்கும். ஒரு தாளில் கோடு போட்டு அகல முனை, நடுப்பகுதி, நீள முனை என்று மூன்று பத்திகளாகப் பிரித்துக் குறித்துக்கொண்டே வந்தால், அரை மணி நேரத்தில் ஒரு வடிவம் தெரியும்.

கணக்கு 18 மி.மீ. பக்கம் குவிந்தால் உங்களுக்கு அகலம் போதவில்லை என்று பொருள் கொள்ளலாம். 55 பக்கம் குவிந்தால் நீளம் போதவில்லை. இரண்டுக்கும் இடையில் பரவலாகச் சிதறியிருந்தால் உங்கள் வீச்சு சரியாகவே இருக்கிறது. ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள், அது அடிக்கடி 6400ஐத் தாண்டியிருந்தால் உங்கள் குறை ஒளி. ஆனால் அகல முனையில் குவியும் படங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. கிட் லென்ஸ் 18 மி.மீ. நிலையிலேயே திறந்து நிற்பதால், ஜூம் வளையத்தைத் திருப்பாமல் எடுத்த படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். என்னுடைய படங்களை இப்படி எண்ணியபோது பாதிக்கும் மேல் 18 மி.மீ. என்று வந்தது; ஒவ்வொன்றாகத் திறந்து ஓரங்களைப் பார்த்தால், பலவற்றில் எடுக்க நினைத்த பொருளைச் சுற்றி வெற்றுச் சுவரும் வெற்றுத் தரையும் கிடந்தன. ஓரத்தில் தோளோ தூணோ வெட்டுப்பட்டிருக்கிற படங்கள்தாம் அகலம் போதவில்லை என்பதற்கு உண்மையான சாட்சி.

கேமராவே இனிமேல்தான் வாங்கப் போகிறேன் என்பவருக்குக் கைப்பேசி போதும். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மி.மீ. அளவிலான கோணத்தைக் காட்டுகிறது. அதில் 2 மடங்கு என்று அழுத்தினால் சுமார் 50, 3 மடங்கு என்று அழுத்தினால் சுமார் 75 மி.மீ. கோணம் வரும். ஒரு வாரம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்து, எந்தப் பொத்தானை உங்கள் விரல் அதிகம் தேடுகிறது என்று கவனியுங்கள்.

மூன்றாம் படி: அகல முனையை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜூம் லென்ஸைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் சிறிய எண்ணை முதலில் பார்க்கச் சொல்வேன். நீளம் போதாத படத்தைப் பிறகு வெட்டிச் சரி செய்துகொள்ளலாம். அகலம் போதாமல் விடுபட்டுப்போன அத்தையைப் பிறகு படத்துக்குள் கொண்டுவர முடியாது.

24க்கும் 28க்கும் நான்கு மி.மீ. தானே வேறுபாடு என்று தோன்றும். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சென்சாரின் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படத்தில் எத்தனை அடி அகலம் அடங்கும் என்பது கிடைத்துவிடும். பத்தடி தூரத்தில் நின்று ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. வைத்தால் 15 அடி அகலம் அடங்கும், 28 மி.மீ. வைத்தால் 13 அடிக்குச் சற்றுக் குறைவாகவே அடங்கும். ஏபிஎஸ்-சியில் 16 மி.மீ. ஏறத்தாழ 14.7 அடியையும், 18 மி.மீ. 13 அடியையும் பிடிக்கின்றன.

இந்த இரண்டடி எங்கே உறைக்கும் என்பதை ஒரு சஷ்டியப்தபூர்த்தியில் கண்டேன். பிளாட்டின் கூடம், ஒரு பக்கம் சோபா, எதிர்ப்பக்கம் சுவர். என் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. இனிப் பின்னால் போக அரையடிகூட இல்லை. தாத்தா, பாட்டி நடுவில் அமர, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருபுறமும் நின்றார்கள். 18 மி.மீ. முனையில் வலக்கோடியில் நின்ற மூத்த மருமகளின் பாதி முகமும், இடக்கோடியில் ஒரு சிறுவனின் தோளும் வெட்டுப்பட்டன. எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, இரண்டு பேரை முன்வரிசையில் உட்கார வைத்துத்தான் படத்தை முடிக்க முடிந்தது. அன்று 16 மி.மீ. இருந்திருந்தால் யாரையும் நகர்த்தியிருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கூடங்கள், ரயில் பெட்டிகள், குறுகலான தெருக்கள், கோயில் பிராகாரங்கள் ஆகியவற்றிலெல்லாம் பின்னால் நகர இடம் கிடைப்பதில்லை என்பதால், இயன்றவரை 24 மி.மீ.க்கு நிகராகத் தொடங்கும் லென்ஸைத் தேடுவதே நல்லது.

அகல முனைக்கு ஒரு குணம் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 24 மி.மீ. முனையில் ஓரத்தில் நிற்பவரின் முகமும் கையும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். இது லென்ஸின் பழுதன்று. அகலக் கோணத்தின் இயல்பு. இடம் இருக்கும்போது நான்கடி பின்னால் போய் 35 மி.மீ. வைத்து எடுத்தால் இது மறைந்துவிடும்.

நான்காம் படி: நீள முனை எவ்வளவு வேண்டும்?

அதே கணக்கை நீள முனைக்கும் போடலாம். ஃபுல் ஃப்ரேமில் பதினைந்தடி தூரத்திலிருந்து 70 மி.மீ. ஏறத்தாழ 7.7 அடி அகலத்தைப் பிடிக்கும், 105 மி.மீ. 5 அடிக்குச் சற்று மேல், 120 மி.மீ. 4.5 அடி. ஒருவரை இடுப்பளவில் எடுக்க 70 போதும். தோளும் முகமுமாக எடுக்க 85 முதல் 105 வரை இருந்தால், எதிரில் இருப்பவரின் மூக்கின் அருகே லென்ஸை நீட்டாமல் எடுக்கலாம். அதில் முகத்தின் அமைப்பும் இயல்பாக வரும்.

முதலில் சொன்ன மணமேடைக்கு வருவோம். நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து மேடை முப்பதடி தூரம் என்றால், 105 மி.மீ. கூடப் பத்தடி அகலத்தைத்தான் பிடிக்கும். மணமக்கள் இருவரையும் படம் நிறைய எடுக்க 200 மி.மீ. வேண்டும். எந்த அன்றாட ஜூமும் நல்ல ஒளித்திறனோடு, அதாவது போதிய ஒளியை உள்ளே விட்டு, இதைச் செய்து கொடுக்காது. அந்தத் தேவை அடிக்கடி வருமானால், தொலைவில் உள்ளதை எடுப்பதற்கென்றே உள்ள டெலி ஜூம் ஒன்றைத் தனியாக வாங்குவதுதான் வழி. ஆண்டுக்கு இரண்டு முறை வருமானால், எழுந்து மேடையருகே போய் எடுப்பது போதும்.

70இல் முடியும் லென்ஸைக் கண்டு அஞ்ச வேண்டாம். 24 மெகாபிக்சல் கேமராவில் 70 மி.மீ. முனையில் எடுத்த படத்தை, 105 மி.மீ. தரும் காட்சி அளவுக்கு வெட்டினால், ஏறத்தாழ 10.7 மெகாபிக்சல் மிஞ்சும். 12க்கு 8 அங்குல அச்சுக்கு அது தாராளமாகப் போதும்.

18–200, 28–200 போன்ற நெடுவீச்சு லென்ஸ்களைப் பற்றி ஒரு சொல். பயணத்தில் ஒரே லென்ஸோடு போக வேண்டியவருக்கும், தூசிக் காற்றில் லென்ஸ் மாற்ற விரும்பாதவருக்கும் அவை பயன்படும். டாம்ரானின் ஃபுல் ஃப்ரேம் 28–200 லென்ஸ் 575 கிராம் எடையில் எஃப் 2.8இலிருந்து (ஒளி நுழையும் துளையைக் குறிக்கும் எண்; எண் சிறுத்தால் ஒளி கூடும், அடுத்த படியில் விளக்குகிறேன்) தொடங்குகிறது என்பது பாராட்டத்தக்கது. ஆனாலும் அது 28இல் தொடங்குகிறது என்பதையும், நீள முனையில் எஃப் 5.6 ஆகிவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவருக்கு நான் இந்த வகையைச் சொல்வதில்லை.

ஐந்தாம் படி: ஒளி

லென்ஸின் மேல் எஃப் 3.5–5.6 என்று இரண்டு எண்கள் இருந்தால், அகல முனையில் அதன் துளை எஃப் 3.5 வரை திறக்கும், நீள முனைக்குப் போகப் போக எஃப் 5.6க்குச் சுருங்கும் என்று பொருள். எஃப் 2.8 அல்லது எஃப் 4 என்று ஒரே எண் இருந்தால், எந்த முனையிலும் அந்த அளவே கிடைக்கும். எண் சிறுக்கச் சிறுக்க ஒளி கூடும் என்பதும், அது கூடும் அளவும்தான் புதியவரைக் குழப்புகின்றன. எஃப் 4ஐவிட எஃப் 2.8 இரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது, எஃப் 5.6ஐவிட நான்கு மடங்கு. இப்போதைய சில கிட் லென்ஸ்கள் நீள முனையில் எஃப் 6.3 ஆகின்றனவே, அவற்றைவிட ஐந்து மடங்கு.

குழந்தைப் படத்தில் இதை வைத்துப் பார்ப்போம். இரவு ஏழரை மணி, கூடத்தில் குழல் விளக்கு எரிகிறது, மூன்று வயதுப் பெண் குழந்தை பந்தை எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடுகிறாள். அவளது அசைவை நிறுத்த ஷட்டர் குறைந்தது 1/250 வினாடி வேண்டும். எஃப் 2.8 லென்ஸில் அந்த ஒளிக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்பட்டால், அதே காட்சிக்குக் கிட் லென்ஸின் எஃப் 5.6 முனையில் ஐஎஸ்ஓ 12800 தேவைப்படும். ஏபிஎஸ்-சி கேமராவில் 3200 அளவில் எடுத்த படத்தில் கன்னத்தின் மென்மையும் தலைமுடியின் இழையும் தெரியும். 12800 அளவில் அவை மணல் தூவியதுபோல் ஆகிவிடும். கேமரா ஐஎஸ்ஓவை அவ்வளவு உயர்த்தாமல் ஷட்டரை 1/60க்கு இறக்கிவிட்டால், குழந்தையின் கையும் பந்தும் கரைந்து போகும். படம் கலங்குகிறது என்று பலர் சொல்லும் குறையின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் எல்லோரும் எஃப் 2.8 வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும்: 70 மி.மீ. எஃப் 2.8இல் 25 மி.மீ., எஃப் 4இல் 17.5 மி.மீ. பெரிய துளைக்குப் பெரிய கண்ணாடி வேண்டும். கண்ணாடி பெருத்தால் எடையும் விலையும் உயரும். ஏபிஎஸ்-சி கேமராவில் வீட்டு மனிதர்களை அதிகம் எடுப்பவருக்கு எஃப் 2.8 தரும் பயன் அதன் விலைக்குத் தகும் என்பது என் முடிவு. ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவருக்கு, அதன் சென்சார் உயர்ந்த ஐஎஸ்ஓவை நன்கு தாங்குவதால், எஃப் 4 ஜூமே பெரும்பாலும் போதும். அதோடு எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா மவுன்டிலும் மலிவாகக் கிடைப்பது அது. எஃப் 4ஐவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியைத் தரும் அந்தச் சிறு லென்ஸ், இரவு நேர வீட்டுப் படங்களைப் பார்த்துக்கொள்ளும்.

ஆறாம் படி: அதிர்வுத் தடுப்பு

கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு சில கேமராக்களின் உடலிலும், சில லென்ஸ்களிலும் இருக்கிறது. கேனன் ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும், டாம்ரான் விசி என்றும் லென்ஸின் பெயரிலேயே எழுதுகின்றன. கேனன் ஆர்10, ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400 போன்ற கேமராக்களின் உடலில் இந்த அமைப்பு இல்லை. அவற்றுக்கு வாங்கும் லென்ஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்மாவின் 18–50 எஃப் 2.8இல் இல்லை, டாம்ரானின் 17–70 எஃப் 2.8இல் உண்டு. விளக்கேற்றிய மண்டபம், அந்தி வெளிச்சத்தில் கோபுரம் போன்ற அசையாத காட்சிகளுக்கே இது உதவும். ஓடும் குழந்தையை நிறுத்துவது ஷட்டர் வேகம் மட்டுமே.

ஏழாம் படி: எடையும் சில சில்லறைக் கணக்குகளும்

லென்ஸின் எடையை எண்ணாகப் படித்தால் அது உறைக்காது. கேமராவின் எடையையும் லென்ஸின் எடையையும் கூட்டி, அந்த அளவுக்குச் சமையலறையிலிருந்து பருப்போ அரிசியோ நிறுத்து ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கடைத்தெருவில் நடந்து வாருங்கள். நிக்கான் இசட் 24–70 எஃப் 2.8 லென்ஸின் முதல் பதிப்பு 805 கிராம். அதே வீச்சில் எஃப் 4 லென்ஸ் 500 கிராம். கேனன் ஆர்எஃப் 24–105 எஃப் 4 எல் 700 கிராம். அதே வீச்சில் எஃப் 4–7.1 லென்ஸ் 395 கிராம். முந்நூறு கிராம் வேறுபாடு, கேமராவை வெளியே எடுத்துச் செல்வதா வேண்டாமா என்பதையே பல நாள்களில் முடிவு செய்துவிடும்.

எவ்வளவு நெருங்கி எடுக்க முடியும் என்பதையும் பாருங்கள். விவரக்குறிப்பில் பெரிதாக்கும் அளவு என்று ஓர் எண் இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் அது 0.25 என்றால் 14.4 செ.மீ. அகலப் பரப்பு படம் முழுதும் நிறையும். நிக்கானின் 24–120 எஃப் 4இல் உள்ளதுபோல 0.39 என்றால் ஒன்பது செ.மீ. சொச்சம். தாலிக்கொடி, மோதிரம், கோலத்தின் ஒரு வளைவு, வாழையிலையில் வைத்த இனிப்பு ஆகியவற்றை எடுக்க இது மிக நெருக்கத்தில் எடுப்பதற்கான தனி மேக்ரோ லென்ஸின் தேவையைப் பெருமளவு குறைத்துவிடும்.

லென்ஸின் முன்னால் திருகும் ஃபில்டரின் அளவு 55, 67, 77, 82 மி.மீ. என்று மாறும், பளபளப்பைக் குறைக்கும் ஒளிமுனைவு ஃபில்டர் வாங்க நினைப்பவர், அளவு கூடினால் விலையும் கூடும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

எட்டாம் படி: பட்டியலைச் சுருக்குங்கள்

இதுவரை எழுதியவற்றுக்கு விடை எழுதியிருந்தால் உங்கள் தாளில் நான்கு வரிகள் இருக்கும்: மவுன்ட், அகல முனை, நீள முனை, குறைந்தபட்ச ஒளித்திறன். அதை வைத்துத் தேடினால் மூன்று நான்கு லென்ஸ்களே எஞ்சும்.

ஏபிஎஸ்-சி கேமராவில் வீடு, மனிதர், விழா என்று எடுப்பவருக்குச் சிக்மா 18–50 எஃப் 2.8 நல்ல தொடக்கம். சுமார் 300 கிராம் எடையில் அந்த அளவு ஒளித்திறன் கிடைப்பது அரிது. சோனி இ, ஃபூஜி எக்ஸ், எல், கேனன் ஆர்எஃப் மவுன்டுகளில் வருகிறது. கூடுதல் நீளமும் அதிர்வுத் தடுப்பும் வேண்டுவோர் 525 கிராம் எடையுள்ள டாம்ரான் 17–70ஐப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் ஊர் சுற்றி எடுப்பவருக்கு நிக்கான் 18–140, கேனன் 18–150, சோனி 18–135 ஆகிய மூன்றும் முந்நூறு கிராமுக்குச் சற்று மேலான எடையில் நீண்ட வீச்சைத் தருகின்றன. ஃபூஜி வைத்திருப்பவருக்குப் பழைய 18–55 எஃப் 2.8–4 இன்றும் ஏற்றது. அது கிட் லென்ஸாக வந்தாலும், ஒளித்திறனில் மற்ற கிட் லென்ஸ்களைவிட மேலானது.

ஃபுல் ஃப்ரேமில் நிக்கான் 24–120 எஃப் 4, சோனி 24–105 எஃப் 4 ஜி, கேனன் 24–105 எஃப் 4 எல் ஆகியவை அன்றாட ஜூம் என்ற சொல்லுக்கே இலக்கணம் போன்றவை. எஃப் 2.8 கட்டாயம் வேண்டும், ஆனால் எடை கூடக் கூடாது என்பவருக்கு 540 கிராம் எடையுள்ள டாம்ரான் 28–75 ஜி2 உண்டு. அகல முனையில் நான்கு மி.மீ. இழக்கிறோம் என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 254 கிராம் எடையுள்ள 12–45 எஃப் 4 கையடக்கமானது.

ஒன்பதாம் படி: கடையில் சோதித்தல்

உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒரு செய்தித்தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, கேமராவை அதற்கு நேராகப் பிடித்து, அகல முனை, நடு, நீள முனை ஆகிய மூன்றிலும் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கியிருந்தால் அது அந்த லென்ஸின் வடிவமைப்பு. மூன்று தெளிந்து ஒன்று மட்டும் மங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது, வேறொன்றைக் கேளுங்கள். பிறகு கடையின் இருண்ட மூலையில் ஃபோகஸ் தடுமாறாமல் நிற்கிறதா என்றும், லென்ஸைத் தரை நோக்கிப் பிடித்தால் ஜூம் தானாக நழுவுகிறதா என்றும் பாருங்கள். ரசீதிலும் உத்தரவாத அட்டையிலும் உள்ள தொடர் எண் லென்ஸில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர் ஒரு சிறு டார்ச் விளக்கைக் கொண்டுபோக வேண்டும். பின்பக்கமிருந்து ஒளியைச் செலுத்தி, முன்பக்கமிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சில தூசித் துகள்களால் படம் கெடாது. சிலந்தி நூல்போல் அல்லது வேர்போல் கிளைத்த கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. பால்போல் ஒரு மூட்டம் தெரிந்தாலும் வேண்டாம். நான் முதலில் வாங்கிய பழைய லென்ஸின் ஓரத்தில் மெல்லிய இழை ஒன்று தெரிந்தது; தூசிதான் என்று சொன்னார்கள், நானும் ஏற்றுக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த இழை கிளை விட்டு, கண்ணாடியில் கால்பங்கு பரவியிருந்தது. எதிர்வெயிலில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் அதன் மூட்டம் விழுந்தது. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸின் விலையில் பாதியாக இருந்தது.

புதிய லென்ஸுக்கும் இந்த ஆபத்து உண்டு, குறிப்பாகக் கடலோர ஊர்களில். தோல் உறையிலோ துணிப்பையிலோ மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பையோடும், சிறிய ஈரப்பதமானி ஒன்றோடும் வைத்து, அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அளவு ஏறத் தொடங்கினால் சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால், வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துப் பழைய நிறம் திரும்பியதும் ஆறவைத்து மீண்டும் போடலாம், ஆனால் அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள்.